ஆளுக்கு ஆறு பெட்டி

1

நேற்று காலை பல்கலைக்கழகப் பண்டகசாலையிலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் துறைக்குச் சாமான் வந்திருக்கிறது, தொழில்நுட்பக் குழு உறுப்பினர் என்ற முறையில் நான் வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். போனேன். மேசைமேல் இருபத்து நான்கு அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றும் நம் ஊர் டிபன் கேரியரைப் படுக்க வைத்த அளவு. ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்கும் சணல் கட்டி, முடிச்சின்மேல் சுங்கத்துறையின் அரக்கு முத்திரை.

"ஏலத்தில் எடுத்தோம்," என்றார் பண்டகசாலைப் பொறுப்பாளர். "பட்டியலில் 'மின் கருவி' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா?"

"டிரெய்னர் கிட். மாணவர்கள் மின்சுற்று கட்டிப் பழகுவதற்கு. ஐந்து வோல்ட், பன்னிரண்டு வோல்ட் இரண்டும் உள்ளேயே கிடைக்கும். இடது மூலையில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும்."

"பிரிக்காமலே சொல்கிறீர்களே."

"வெளியே எழுதியிருக்கிறது," என்றேன்.

எழுதியிருக்கவில்லை. வெளியே ஒட்டியிருந்தது ஒரு சின்ன மஞ்சள் சீட்டு. சோதித்தவர் என்ற இடத்தில் இரண்டெழுத்து, பக்கத்தில் ஆண்டு, 1999. அந்த இரண்டெழுத்து என் கையெழுத்து.

2

புதுச்சேரிக்காரி வெளிநாட்டில் இருக்கிறாள் என்றால் நம் ஊரில் அடுத்த கேள்வி "பாரீஸ்ல எங்க?" என்பதுதான். எத்தியோப்பியா என்று சொன்னால் ஆறுதல் சொல்வார்கள். முதலியார்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னிடம் சொன்னது: "பரவால்லம்மா, அங்கேர்ந்து பாரீஸ் கிட்டத்தான்."

நாங்கள் இங்கே வந்து மூன்று வருடமாகிறது. இந்நாட்டில் புதிது புதிதாகப் பல்கலைக்கழகங்கள் திறந்து, இந்தியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆசிரியர்களை அழைத்துக்கொண்டிருந்த நேரம். கணவருக்குக் கணிதம், எனக்கு மின்னணுவியல். தலைநகரிலிருந்து தெற்கே பஸ்ஸில் ஒரு பகல் தூரம். கடிதத்தில் வீட்டுக்கு எழுதாத விஷயங்கள் சில உண்டு. இங்கே கடிகாரம் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அதனால் என் ஒன்பது மணி வகுப்பு இங்கே மூன்று மணி வகுப்பு. ஆண்டுக்கணக்கு நம்மைவிட ஏழெட்டு வருடம் பின்னால். நீங்கள் இரண்டாயிரத்தைக் கொண்டாடி முடித்துப் பல வருடமாகிவிட்டது. நாங்கள் இன்னும் 1999இல் இருக்கிறோம்.

என் மகள் கயல்விழிக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. அவளுக்கு ஐந்து வயது. சரி என்பதற்கு "ஈஷி" என்கிறாள். ஆமாம் என்பதற்கு எதுவும் சொல்வதில்லை. இந்த ஊர் வழக்கப்படி வாயால் சட்டென்று மூச்சை உள்ளே இழுக்கிறாள். போன விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது என் அம்மா அவளிடம் "சாப்டியா?" என்று கேட்க, இவள் மூச்சை இழுக்க, "தூங்குனியா?" என்று கேட்க, மறுபடி இழுக்க, அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏண்டி, புள்ளைக்கு இழுப்பு இருக்குதே, டாக்டர்கிட்ட காட்னியா?" என்றாள்.

3

அந்த விடுமுறையில்தான் தட்டாஞ்சாவடிக்குப் போனேன். இங்கே வருவதற்கு முன் நான் வேலை பார்த்த சிறு தொழிற்சாலை அங்கே இருக்கிறது. கல்லூரி ஆய்வகங்களுக்கு டிரெய்னர் கிட் செய்கிறார்கள். என் வேலை, முடிந்த பெட்டிகளைச் சோதித்துச் சீட்டு ஒட்டுவது. முதலாளியிடம் என் ஆய்வகத்தின் நிலையைச் சொன்னேன். நாற்பத்தாறு மாணவர்கள், ஒரே ஒரு கிட், அதுவும் முன்னூற்றுச் சொச்சம் முறை பழுது பார்த்தது. மற்ற மாணவர்களுக்கு மின்சுற்றைக் கரும்பலகையில் வரைந்து, "இப்போது விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்கிறேன். அவர்களும் நாகரிகமாக வைத்துக்கொள்கிறார்கள்.

முதலாளி என்னைக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். "1999 சரக்கு. மூடி கலர் மாறிப் போச்சின்னு ஆர்டர் குடுத்தவன் எடுக்கல. எல்லாம் வேலை செய்யும், நீதான டெஸ்ட் பண்ண. எடுத்துக்கம்மா. காசெல்லாம் வாணாம், எடம் அடைக்குது."

இருபத்து நான்கு பெட்டி. விமானத்தில் போகிறவர்கள் நான்கு பேர்: நான், கணவர், கயல், சலீம் சார். சலீம் சார் எங்கள் பொறியியல் புலத்தில் ஆங்கிலம் கற்பிப்பவர். புதுச்சேரி டவுனில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். அவர் மட்டும் வியாபாரத்துக்குத் தப்பி இலக்கணத்துக்கு வந்துவிட்டார். பொருளை நான்கால் வகுத்தேன். மீதி வரவில்லை. ஒரு பொறியாளருக்கு அதைவிட நல்ல சகுனம் கிடையாது.

ஏன் வகுத்தேன் என்று பிறகு பல அலுவலகங்களில் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கனகசெட்டிக்குளம் வழியாகச் சென்னைக்குப் பஸ்ஸில் போய் வளர்ந்தவர்கள் நாம். எல்லை தாண்டினால் செக்போஸ்ட், மதுவிலக்குக் காவலர் ஏறுவார். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நாள், பின் சீட்டுக்காரர் என் பள்ளிக்கூடப் பையைக் காட்டி, "பாப்பா, இத உள்ள வச்சிக்க. கேட்டா என்னுதுன்னு சொல்லு," என்று இரண்டு பாட்டிலை நீட்டினார். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர். அவர் மடியிலும் யாரோ இரண்டு வைத்திருந்தார்கள். காவலர் ஏறி என்னைப் பார்த்து, "பையில என்ன பாப்பா, யாருது?" என்றார். "என்னுது," என்றேன். அவர் என்னையும் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார், இறங்கிப் போய்விட்டார்.

அந்தப் பஸ்ஸின் சட்டம் எங்கும் அச்சாகவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அ) பிரித்து வை. ஆ) உள்ளே என்ன என்று கேட்காதே. இ) அதிகாரி கேட்டால் என்னுது என்று சொல். ஈ) தாண்டியதும் திருப்பிக் கொடு. இந்த நான்காம் விதியை யாரும் மீறி நான் பார்த்ததில்லை.

சலீம் சாரிடம் அவர் பங்கைக் கொடுத்தபோது, "ஆறு பொட்டி இருக்கு சார், உள்ள வந்து..." என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்திவிட்டார். "ஊர்க்காரப் பொண்ணு குடுக்குது, நான் வாங்கிக்கறேன். உள்ள என்னான்னு எனக்கு எதுக்கும்மா?"

4

இங்கே தலைநகர் விமான நிலையத்தில், சுங்கச் சோதனைக்கு நான்கு பேரும் நான்கு வரிசையில் நின்றோம். அதுவும் என் ஏற்பாடுதான்.

என்னைக் கேட்டார்கள். என்னுடையது என்றேன். கணவரைக் கேட்டார்கள். கணிதக்காரர் இரண்டு நொடி யோசித்துவிட்டு அவரும் என்னுடையது என்றார். சலீம் சார், ஆங்கில ஆசிரியருக்கே உரிய சுத்தமான உச்சரிப்பில், "முழுக்க முழுக்க என்னுடையது, சொந்த உபயோகத்துக்கு," என்றார். கேட்காததற்கும் பதில் சொல்வது அவர் தொழில். கடைசியாக, கரடிப் படம் போட்ட பையைக் கட்டிக்கொண்டு நின்ற கயலிடம் ஓர் அதிகாரி குனிந்து ஏதோ கேட்டார். அவள் அம்ஹாரிக்கில் பளிச்சென்று "யெனே நௌ" என்றாள். என்னுடையது. நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ரத்தத்தில் வருவது.

குனிந்தவர் பெயர் அல்மாஸ். திருமதிக்கு இங்கே வைசெரோ என்பார்கள், வைசெரோ அல்மாஸ். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சால்வை, கண்ணாடி. இருபத்து நான்கு பெட்டிகளையும் ஒரே மேசையில் அடுக்கி வைத்து, மஞ்சள் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒரே தொழிற்சாலை. ஒரே கையெழுத்து. நான்கு சொந்தக்காரர்கள்," என்றார் ஆங்கிலத்தில். "யாருடைய கையெழுத்து?"

"என்னுடையது. ஆனால் இது பரிசு. பல்கலைக்கழகத்துக்கு."

"பரிசை ஒரே பெட்டியில் கொண்டுவருவார்கள், ஒரு கடிதத்தோடு. யாரும் சரிசமமாக வகுத்து நான்கு பேர் துணிக்கடியில் வைக்க மாட்டார்கள்."

பறிமுதல் குறிப்பு எழுதினார்கள். இறக்குமதியாளர்கள் என்ற தலைப்பின்கீழ் நான்கு பெயர். மூன்றாம் எண்ணில் கயல்விழி, வயது ஐந்து, தொழில் மாணவி. கீழே இந்நாட்டு ஆண்டு, 1999. அதாவது காகிதத்தின்படி அந்தப் பெட்டிகள் தயாரான வருடத்திலேயே பிடிபட்டன. மூன்றாம் இறக்குமதியாளர் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. கயல் அந்தக் குறிப்பில் தன் பெயரைக் கண்டுபிடித்து, வீட்டுச் சுவரில் ஒட்ட ஒரு நகல் கேட்டாள்.

நான்கு பாஸ்போர்ட்டையும் வாங்கி உறையில் போட்டு வைத்துக்கொண்டார்கள். வழக்கு முடியும்வரை யாரும் நாட்டை விட்டுப் போகக் கூடாது.

5

என் குற்றம் என்ன என்று எனக்கு முழுதாகப் புரிய ஒரு வாரம் ஆனது. இந்த நாட்டில் டாலர் குறைவு. வெளியிலிருந்து சாமான் வந்தால், அதற்கு எந்த வங்கி வழியாக டாலர் போனது என்று காட்ட வேண்டும். எனக்கு இனாமாகக் கிடைத்தது, டாலரே போகவில்லை என்றால், டாலர் போகாமல் சாமான் வருவதற்கு நாட்டின் மைய வங்கியிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். செலவழிக்க அனுமதி வேண்டும் என்பது புரிந்தது. செலவழிக்காமல் இருக்கவும் அனுமதி வேண்டும் என்பது தட்டாஞ்சாவடியில் எனக்கு யாரும் சொல்லாதது.

மைய வங்கிச் சாளரத்தில் இருந்தவர் மிகவும் மரியாதையானவர்.

"அனுமதிக்கு விண்ணப்பிக்க வந்திருக்கிறேன்."

"சாமான் எப்போது வரும்?"

"வந்துவிட்டது. சுங்கத்தில் இருக்கிறது."

"அப்படியானால் அது அனுமதி இல்லாமல் வந்த சாமான். அனுமதி இல்லாமல் வந்ததற்கு எப்படி அனுமதி கொடுப்பது?"

"வேறு வழி?"

"பல்கலைக்கழகம் விதிவிலக்குக் கேட்டு எழுதலாம்," என்று சொல்லி, எனக்கு ஒரு நாற்காலியும் காட்டினார், ஏதோ அந்த விதிவிலக்கு அங்கேயே வந்துவிடும் என்பது போல.

பல்கலைக்கழகம் எழுதியது. கடிதத்துக்கு ஒன்பது கையெழுத்து தேவை. வீட்டில் ஒரு கட்டம் போட்டுக் குறித்து வந்தேன். ஆறு வாரத்தில் நான்கு.

அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பிரிச்சித்தான வச்ச?"

"பிரிச்சித்தாம்பா வச்சேன்."

"எப்டி வச்ச?"

"ஆளுக்கு ஆறு."

"அதான் மாட்டிக்கின. சமமா எவனாவது வப்பானா? ஒருத்தன்கிட்ட ரெண்டு, ஒருத்தன்கிட்ட ஏழுன்னு வக்கணும். இஞ்சினீரிங் படிச்சிட்டு இதுகூடத் தெரியல உனுக்கு."

6

இதுவரை சொன்னதை நான் சிரித்துக்கொண்டே எழுதலாம். சலீம் சார் விஷயம் அப்படியில்லை.

டிசம்பர் நடுவில் ஊரில் அவர் தங்கைக்கு நிக்காஹ். அவர்களுக்கு அத்தா இல்லை. அந்த இடத்தில் அண்ணன்தான் வலியாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக நின்று, பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று சொல்ல வேண்டும். வேறு ஆண்பிள்ளை வீட்டில் கிடையாது. மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்தாயிற்று. மணமகனின் பாஸ்போர்ட் பிரெஞ்சு. அவர் ஜனவரியில் திரும்பிப் போக வேண்டும், தேதியைத் தள்ள வழியில்லை. சலீம் சாரின் பாஸ்போர்ட் சுங்க அலுவலக உறையில் இருந்தது.

இதில் ஒன்றையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. தபால் நிலையத் தொலைபேசிக் கூண்டில் அவர் பேசியதை, வெளியே என் முறைக்கு நின்றபோது கேட்டேன்.

"இல்லம்மா, லீவு இன்னும் சேங்ஷன் ஆவல... ஆயிடும்... மாப்ள வீட்ல கேட்டா டிக்கெட் போட்டாச்சின்னு சொல்லிடு... ஆமா, நான் வராம எப்டி?"

வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன மேடம், அப்பாகிட்ட பேசணுமா? லைன் நல்லாருக்கு, போங்க."

"ஏன் சார் அன்னிக்கி உங்களுதுன்னு சொன்னீங்க? என் பேரச் சொல்லியிருந்தா உங்கள விட்டிருப்பாங்க."

"நல்லாருக்கே. பஸ்ஸுல அப்டியா சொல்லுவோம்?" என்றார். பிறகு, "அத உடுங்க. கடுதாசி எத்தினி கையெழுத்துக்குப் போயிருக்கு?"

"நாலு."

அவர் தலையாட்டினார். அன்று இரவு என் கட்டத்தில் நேர்கோடு இழுத்துப் பார்த்தேன். கோட்டின்படி ஒன்பதாவது கையெழுத்து ஜனவரியில்தான் வரும். அதற்குப் பிறகு மைய வங்கி. அளவுகோலை மாற்றி வைத்தும் பார்த்தேன். கோடு மாறவில்லை.

காத்திருந்தால் பெட்டிகள் ஒருவேளை ஆய்வகத்துக்கு வரும், என் பெயரும் சுத்தமாக இருக்கும். காத்திருக்கவில்லையென்றால் எல்லாம் என்னுடையது, என் ஒருத்தியின் வேலை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கு உடனே முடிந்து பாஸ்போர்ட்டுகள் திரும்பும், பெட்டிகள் அரசாங்கத்துக்குப் போகும், ஒப்புதலின் நகல் பல்கலைக்கழகத்துக்குப் போகும். என் ஒப்பந்தம் ஜூலையில் முடிகிறது. கணவரிடம் சொன்னேன். கணக்கில் சந்தேகம் எதுவும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப கெளம்பு," என்றார்.

7

தலைநகருக்குப் போகும் பஸ்ஸில் நான் இரண்டு பக்கம் எழுதினேன். கனகசெட்டிக்குளம் எங்கே இருக்கிறது, மதுவிலக்கு என்றால் என்ன, அந்தப் பஸ்ஸின் நான்கு விதிகள், சலீம் சார் மூன்றாம் விதியின்படிதான் பேசினார், அது பொய் அல்ல, மரியாதை. எண் போட்டு, தெளிவாக எழுதியிருந்தேன். அதைவிட நல்ல அறிக்கையை நான் வேலையில்கூட எழுதியதில்லை.

வைசெரோ அல்மாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி, விதிகளை இன்னொரு முறை படித்தார்.

"நான் கிழக்கே, திரே தவாவில் பிறந்தவள்," என்றார். "எல்லைப் பக்கமிருந்து தலைநகருக்கு வரும் பஸ்ஸில் துணி மூட்டை வைத்திருப்பார்கள். சோதனை வருவதற்கு முன்னால் ஆளுக்கு இரண்டு சால்வை, ஒரு ஜோடி செருப்பு என்று கொடுத்துவிடுவார்கள். என் அம்மா ஒரு முறை மூன்று சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாக எனக்குப் போட்டுவிட்டாள். உன் மகள் வயதுதான் எனக்கு. அன்றைக்கு வெயில் என்றால் வெயில்."

"என்ன சொன்னீர்கள், கேட்டபோது?"

"என்னுடையது என்றேன். வேறென்ன சொல்வது?"

அந்த அறிக்கை வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். அவர் இரண்டு பக்கத்தையும் நான்காக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அதனால்தான் சொல்கிறேன், இதைக் கோப்பில் வைக்காதே. இதைப் படித்தால் நீங்கள் நான்கு பேரும் சின்ன வயதிலிருந்தே இதில் பழகியவர்கள் என்று தெரியும். ஒரே ஒரு வரி எழுது. பொருள் எல்லாம் என்னுடையது, மற்றவர்களுக்கு எதுவும் தெரியாது. அந்த ஆசிரியர் தனியாக ஒரு வரி எழுதட்டும், கேட்ட கேள்வி மொழி தெரியாததால் புரியவில்லை என்று."

"கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டீர்கள்."

"ஆமாம்."

"அவர் ஆங்கில ஆசிரியர்."

"படிவத்தில் தொழில் 'ஆசிரியர்' என்று மட்டும்தான் இருக்கிறது," என்றார் வைசெரோ அல்மாஸ்.

என்னோடு வந்து வெளியே காத்திருந்த சலீம் சார், உள்ளே வந்து அந்த வரியை எழுதும்போதுதான் அந்த வழக்கில் முதல் முறையாக முகம் சுளித்தார். இருபது வருடமாக ஆங்கிலம் கற்பிப்பவர், தனக்கு ஆங்கிலம் புரியாது என்பதை ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். "தப்பும் தவறுமா எழுதலாம்ல சார்?" என்றேன். "கை வரலம்மா," என்றார்.

நான் என் வரியை எழுதினேன். நகல் எங்கே போகும் என்று வைசெரோ அல்மாஸ் சொல்லத் தொடங்கினார். தெரியும் என்றேன்.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. சலீம் சார் போய் நின்றார்.

8

மீண்டும் நேற்று.

பறிமுதலான பொருளைச் சுங்கத்துறை ஏலம் விடும் என்பதும், உள்நாட்டு ஏலத்தில் வாங்கும் பொருளுக்கு மைய வங்கி அனுமதி தேவையில்லை என்பதும், எங்கள் கொள்முதல் குழுவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்பது கையெழுத்துக் கடிதம் ஏழாவதில் நிற்கிறது. பெட்டிகள் அதற்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டன.

"முத்திரை உடைக்க வேண்டுமென்றால் முதலில் பொறுப்பேற்பவர் பெயர் வேண்டும்," என்றார் பண்டகசாலைப் பொறுப்பாளர். "பெட்டிக்கு ஒரு அட்டை. உடைந்தாலோ காணாமல் போனாலோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் பெயர் போடவா?"

"போட முடியாது. அடுத்த ஆண்டு ஒப்பந்தம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று அட்டையிலேயே இருக்கிறது."

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குப் புதுப்பிக்கவில்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஜூலையில் நாங்கள் ஊருக்குத் திரும்புகிறோம். கயலிடம் "ஊருக்குப் போறோம்" என்றபோது, "நாம ஊர்லதான இருக்கோம்?" என்றாள்.

"அப்படியானால் வேறு யாராவது வரும்வரை அலமாரியில் இருக்கட்டும்," என்றார். அந்த அலமாரியை எனக்குத் தெரியும். அதில் முந்திய ஆசிரியர் காலத்து நுண்ணோக்கிகள் இன்னும் சணல் பிரியாமல் இருக்கின்றன.

அப்போது சலீம் சார் என்னைத் தேடி வந்தார், காபிக்குப் போகலாம் என்று. வாசலில் நின்று மேசையைப் பார்த்தார். மஞ்சள் சீட்டு, அரக்கு, சணல். உள்ளே வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"யார் பெயர் போடுவது என்று பார்க்கிறோம்," என்றார் பண்டகசாலைப் பொறுப்பாளர்.

"என் பெயர் போடுங்கள். என்னுடையதுதான்."

"நீங்கள் ஆங்கிலம் அல்லவா?"

"பொறியியல் புலம்தான். ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது."

பண்டகசாலைப் பொறுப்பாளர் பேனாவை நீட்டினார். சலீம் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருபத்து நான்கு அட்டையிலும், ஒவ்வொன்றாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்தில் நின்று அட்டைகளை வரிசைப்படுத்தினேன். முப்பது நிமிடம் பிடித்தது. கடைசி அட்டை முடிந்ததும் முதல் முத்திரையை உடைத்தார்கள்.

அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை.